டிசி தராத பள்ளியும் மகளின் ஆறாம் வகுப்பும்

போன ஜூன் மாதம் சென்னையிலிருந்து மறைமலைநகருக்குக் குடிவந்தோம். மகள் ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். அதனால் இந்த வருடம் தவறவே கூடாது என்ற பதற்றம் எனக்கு.

பழைய பள்ளியில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) கேட்டால், புது வருடத்துக்கு முதல் தவணை கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார் எழுத்தர். மகள் படிக்கவே போகாத வகுப்புக்குக் கட்டணம்! மூன்று முறை ரயில் ஏறிப் போனேன். ஒருமுறை முதல்வர் இல்லை, ஒருமுறை சீல் இல்லை, மூன்றாம் முறை பதிலே இல்லை. அன்று திரும்பும்போது ரயிலிலேயே அழுதுவிட்டேன்.

இதற்கிடையில் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு கூத்து. மறைமலைநகர் தானாக வளர்ந்த ஊர் இல்லை. சென்னையின் நெரிசலைக் குறைக்க 1980 வாக்கில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்டமிட்டு உருவாக்கிய புதுநகர். மறைமலை அடிகளின் பெயர் வைத்தார்கள். அதை நெய்பர்ஹுட் (குடியிருப்புப் பகுதி) நெய்பர்ஹுட்டாகப் பிரித்ததால் இங்கே முகவரிகளில் என்.எச். 1, என்.எச். 2 என்று வரும். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை ஓடுவதாலோ என்னவோ, டைப் செய்தவர் அதை 'தேசிய நெடுஞ்சாலை 2' என்று விரித்து அடித்துவிட்டார். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுபடி முத்திரைத்தாள், மறுபடி வீட்டு உரிமையாளர் கையெழுத்து, ஒரு வாரம் போச்சு. இந்த ஊருக்குப் புதிதாக வருபவர்கள் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்தான் எனக்குத் தைரியம் கொடுத்தார். "டிசி பின்னால வரட்டும்மா, நாளைக்கே பிள்ளையை அனுப்புங்க" என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: டிசி தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். டிசி என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் அலைச்சல் மிச்சம்.

ஆனால் மகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகும் எமிஸ் சிக்கல் தீரவில்லை. எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் இணையத் தொகுப்பு. பழைய பள்ளி அவளுடைய எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு (காமன் பூல்) விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் இழுத்துக்கொள்ள முடியும். டிசி கேட்கும்போதே "எமிஸில் காமன் பூலுக்கு மாற்றிவிடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு அழைத்தேன். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கச் சொன்னார்கள். சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதி, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கினேன். அந்த நகலைப் பழைய பள்ளியில் காட்டிய இரண்டாம் நாள் டிசி கைக்கு வந்தது, ஒரு பைசா கட்டாமல். அந்த வாரமே எமிஸிலும் அவள் பெயர் புதுப் பள்ளிக்கு மாறியது. வகுப்பாசிரியர் தன் போனில் திறந்து காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.