ஆர்எக்ஸ் 100: பெயின்ட்டுக்கு முன் பிரஷர் பாருங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ மீட்டெடுக்கக் கொண்டுவருபவர்களின் முதல் கேள்வி எப்போதும் டேங்க் கலர்தான். சிவப்பா, கறுப்பா, மயில் நீலமா? இரண்டாவது கேள்வி, "அந்தப் பழைய சத்தம் வருமா?" வரும். ஆனால் அதற்கும் பெயின்ட்டுக்கும் சம்பந்தமில்லை. பளபளவென்று வெளியே போய், ஒரே மாதத்தில் பிஸ்டன் பிடித்து (சிலிண்டருக்குள் இறுகி நின்று) திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே குறைதான் இருக்கும்: என்ஜின் காற்று புகாதபடி அடைபட்டிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

1985 இறுதியில் முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தால் இங்கே பூட்டப்பட்டன. 1996-ல் உற்பத்தி நின்றது. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன். வண்டியின் எடை நூறு கிலோவை ஒட்டித்தான். அந்தப் பாய்ச்சலுக்கு வேறு ரகசியம் கிடையாது.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) என்பது ஒரு பம்ப். பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோல் கலவையை உள்ளே இழுக்கிறது, இறங்கும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஒரு சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், அவ்வளவுதான். இங்கே கலவையே மாறிப்போகும். கிராங்கின் இரு முனையிலும் ஆளுக்கொரு சீல். மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவை மெலியும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), ஐடிலிங் தானாக ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே இறங்காது, கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும். வெள்ளைப் புகை நிற்காது, கியர் பாக்ஸில் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகும். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இந்த ரப்பர் கல்லாகியிருக்கும். சும்மா நின்ற வண்டிதானே என்று நம்புவதுதான் ஆபத்து.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு வேலை. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றப்பட்ட வண்டிகள் நிறைய. பதிவைப் புதுப்பிக்க படிவம் 25 வேண்டும். பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு 50 வயது தாண்டியவற்றுக்கு மட்டும்தான். ஆர்எக்ஸ் 100 எதுவும் அந்த வயதைத் தொடவில்லை.

பிரிக்கும்போது முதல் தலைவலி சைடு கவர் ஸ்க்ரூ. அதன் தலையில் இருப்பது சாதாரண ஸ்டார் வெட்டு அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கித் தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் முனை போட்ட இம்பேக்ட் டிரைவரைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் முப்பது வருட ஸ்க்ரூவும் அசையும். மேக்னட்டை அதற்கான புல்லரால் மட்டுமே எடுக்க வேண்டும். கிராங்க் முனையில் சுத்தியல் பட்டால் அழுத்திப் பூட்டிய கிராங்க் கோணிவிடும்.

கிராங்கில் பார்க்க வேண்டியவை இரண்டு. கனெக்டிங் ராடின் மேல் முனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 0.8 முதல் 1 மி.மீ. வரை ஆடினால் சரி, 2 மி.மீ. வந்தால் ராட் கிட் மாற்றும் நேரம். பிறகு இரு முனைகளையும் தாங்கியில் வைத்து டயல் கேஜில் சுற்றுங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் ஓட்டம் (சுற்றும்போது முள் ஆடும் அளவு) இருந்தால் செப்புச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். ராட் கிட்டைப் பிரஸ்ஸில் ஏற்றிவிட்டு, நேர் பார்க்காமல் கொடுக்கும் லேத் பட்டறைகள் உண்டு. கூடவே நின்று முள்ளைப் பார்ப்பது நல்லது. ஓட்டம் உள்ள கிராங்க் புதுச் சீலையும் சீக்கிரமே தின்றுவிடும்.

மெயின் பேரிங் வாங்கும்போது பழையதில் உள்ள எண்ணை மட்டும் படித்தால் போதாது. பின்னால் சி3 அல்லது சி4 என்று இருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண இடைவெளி பேரிங் சூட்டில் இறுகிவிடும். பேரிங்கை இரவு முழுதும் ஃப்ரீசரில் வைத்து, கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் கையால் வைத்தாலே இறங்கிவிடும். அடித்து ஏற்றினால் அலுமினிய இருக்கை தளர்ந்துபோகும். சீலில் ஸ்ப்ரிங் தெரியும் பக்கம் கிராங்க் அறையை நோக்கி இருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ். கேஸ் இரண்டும் சேரும் முகத்தைக் கத்தியால் சுரண்டக்கூடாது. ஒரு கீறல் போதும், கசிவுக்கு வழி. தின்னரில் ஊறவைத்துத் துடைத்து, லிக்விட் கேஸ்கெட்டை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தடித்துப் பூசினால் உள்ளே பிதுங்கி ஆயில் துளையை அடைக்கும்.

போர். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு முறை அளந்தால் ஆறு எண்கள் கிடைக்கும். மேலுக்கும் கீழுக்கும் 0.05 மி.மீ. வித்தியாசம் தாண்டினால் துளையை அடுத்த சைஸுக்குக் கடைய (போர் போட) வேண்டும். ஸ்டாண்டர்டு 50.00, பிறகு கால் மி.மீ. ஏற்றம்: 50.25, 50.50, 50.75, 51.00. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்ப போர் போடச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி யார் கையிலும் இருக்காது. நாங்கள் 0.04 மி.மீ. விடுகிறோம். அதைவிட இறுக்கினால் முதல் சூட்டிலேயே நாலு பக்கமும் கோடு விழும். போர் போட்ட பிறகு போர்ட் (கலவையும் புகையும் போய்வரும் சிலிண்டர் சுவரின் வாய்கள்) ஓரங்கள் பிளேடு போல் இருக்கும். சின்ன அரைவட்ட அரத்தாலும் எமரியாலும் மழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, ரிங் மாட்டி உடைந்த பிளாக்குகளைப் பார்த்தாயிற்று. பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் முனைகள் காடியில் உள்ள பின்னுக்கு இருபுறமும் உட்கார வேண்டும். ஹெட்டின் எம்8 நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில் 22 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

இப்போது பிரஷர். இதற்குக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கிறது: டாக்டர் கையில் கட்டும் பிபி மெஷினின் ரப்பர் பந்தும் டயலும். டயலின் 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ, டூ-ஸ்ட்ரோக் சோதனைக்கு வேண்டிய அதே அழுத்தம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த இரும்பு உடலில் ஒரு நாசிலைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் வாயை 3 மி.மீ. அலுமினியத் தகடும் அதன் அடியில் சைக்கிள் டியூப் ரப்பரும் வைத்து அடைக்க வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றி, அது மாட்டும் ரப்பர் குழாயில் கார்க். ரப்பரைக் கழற்றிவிட்டு அடைக்காதீர்கள். பாதி வண்டிகளில் வெடித்திருப்பதே அந்த ரப்பர்தான். என்ஜினுக்குத் தானாக ஆயில் செலுத்தும் ஆயில் பம்பின் குழாய் வரும் முனையையும் மறக்காமல் மூடுங்கள்.

பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வையுங்கள். அப்போதுதான் சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒரே அறையாகும். பிளக் துளை வழியாக 300 வரை ஏற்றி, வால்வை மூடி, ஆறு நிமிடம் கடிகாரம் பாருங்கள். நிமிடத்துக்கு 50 வரை இறங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. புது சீல் போட்ட என்ஜினில் ஆறு நிமிடத்துக்கும் சேர்த்தே 30-க்கு மேல் இறங்கினால் நாங்கள் விடுவதில்லை. இறங்கினால் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள்: முதலில் உங்கள் சொந்த அடைப்புகளில் (பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான்), பிறகு பிளாக்கின் அடி கேஸ்கெட், ஹெட், கேஸ் சேரும் கோடு, மேக்னட் பின்னால் உள்ள சீல். கிளட்ச் பக்கச் சீலுக்கு பிரஷ் எட்டாது. கியர் பாக்ஸ் சுவாசக் குழாயில் ஒரு டியூப்பைச் சொருகி, மறுமுனையை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். குமிழி வந்தால் உள்சீல் கசிகிறது. மொத்தம் அரை மணி நேர வேலை. கசிவு தெரியாமல் ஓட்டினால் இன்னொரு போர் செலவு.

கார்பரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ரீட் வால்வை (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகட்டு வால்வு) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகட்டின் நுனி 0.3 மி.மீ.க்கு மேல் தூக்கியிருந்தாலோ மயிரிழை விரிசல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். உடைந்த தகடு நேராக என்ஜினுக்குள் போகும். கார்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை முழுதும் மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு என்பதால் பழைய மெயின் ஜெட்டிலேயே (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) கலவை சற்று மெலிந்துவிடும். ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டு, பிளக் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய பெட்ரோல் டியூப்பும் ஊசியின் ரப்பர் நுனியும் எத்தனாலில் உப்பிப் போகும், இரண்டையும் மாற்றுங்கள். பிளக் வாங்கும்போது ஒரு குழப்பம்: என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்தும்) பிளக், பாஷில் அது தலைகீழ்.

ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிய வண்டிகள்தான் அதிகம். பம்பைத் திரும்ப மாட்டுவதாக இருந்தால் காற்று எடுக்கும் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விடுங்கள். பம்பை நம்பும் முன், முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகை கொஞ்சம் அதிகம் வரும், வரட்டும். ஆயில் டேங்கின் அளவு தெளிவாக இறங்குவதைப் பார்த்த பிறகு கலப்பதை நிறுத்தலாம்.

சத்தத்துக்கு வருவோம். அது சைலன்சரின் வயிற்றில் இருக்கிறது. அதன் நீளமும் கூம்பும் அழுத்த அலையைச் சரியான நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குத் திருப்பியனுப்பக் கணக்கிட்டவை. உள் குழாயைப் பிடுங்கினாலோ பின்பகுதியை வெட்டினாலோ சத்தம் கூடும், இழுவை குறையும். செய்ய வேண்டியது கரி எடுப்பது மட்டும். உள் குழாயைக் கழற்றி காஸ்டிக் சோடா கரைசலில் ஓர் இரவு ஊறவையுங்கள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து. அலுமினியம் எதுவும் அந்த வாளியில் விழக் கூடாது, கரைந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் ஃபின்னைத் தொட்டால் சுடும் அளவுக்கு மட்டும் ஓடவிட்டு அணையுங்கள். முழுதாக ஆறட்டும். இப்படி மூன்று முறை. ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி 22-க்குப் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் பிடித்து ஓட்டவும் வேண்டாம். அதற்குள் பிடித்தால் பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள். நாலு பக்கமும் கோடு என்றால் போர் இறுக்கம் அல்லது ஆறிய என்ஜினை முறுக்கியது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் கலவை மெலிவு அல்லது ஆயில் போதாமை. அப்போது பிபி பந்தை மறுபடி எடுங்கள்.

500 கிலோமீட்டரும் ஓடிய பின் டேங்கைக் கழற்றலாம். பெயின்டரிடம் கொடுக்கும் முன் உள்துரு போக வேண்டும். பின்னால் செய்தால் வழியும் அமிலம் புதுப் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு வீதம் டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். அரை மணி நேரம் ஈரமாக விட்டாலே மறுபடி செந்துரு பூக்கும். உலர்ந்ததும் 100 மில்லி டூ-டி ஆயிலை உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, மூடியை இறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.