அக்காவின் சிறிய வயிறும் தைப்பூச விரதமும்

என் அக்காவுக்கு உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை நடந்து பதினைந்து மாதங்கள் ஆகின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களை அறிந்தவர்கள் "ஆபரேஷன் ஆபத்தானதா?" என்று கேட்கும்போதெல்லாம், அறுவை அரங்கைவிட எங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றியே அதிகம் சொல்கிறேன். எங்களுக்கு வந்த சிக்கல் அங்கேதான் உருவானது.

அறுவைக்கு முன் இரண்டு வாரங்கள் மிகக் குறைந்த மாவுச்சத்துள்ள உணவை மட்டுமே அக்கா உண்ண வேண்டியிருந்தது. கொழுப்பேறிப் பெருத்த கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும் என்பதால், அது சுருங்கினால்தான் மருத்துவரின் கருவிகளுக்கு இடம் கிடைக்கும் என்று விளக்கினார்கள். அதை அறிந்த பிறகு அக்கா ஒரு நாள்கூட டின்பால் தேநீரைத் தொடவில்லை. குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல் ஆகியவையும் நடந்தன. தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது தெரியாமலே மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தானது.

இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி நீக்கி, மீதியை ஸ்டேப்ளர் ஊசிகளால் மூடுகிறார்கள். அந்த வரிசையில் கசிவு ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் பெரிய ஆபத்து. காய்ச்சலுக்கும் கடும் வலிக்கும் முன்பே நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 120-க்கு மேல் நீடிப்பது அதன் அறிகுறியாக இருக்கலாம் என்று தாதி சொன்னதைக் கேட்டு, வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் காலையும் மாலையும் அக்காவின் நாடியை எண்ணினேன். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லாமலிருக்க, அறுவை நடந்த அன்று மாலையே அவரை நடக்கவைத்தார்கள்.

இவற்றையெல்லாம் கவனித்த நாங்கள், மூன்றாம் மாதத்தில் தவறினோம். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்த அக்கா, வழக்கம்போல் ஒருவேளை உணவுடன் 48 நாள் விரதம் தொடங்கினார். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டிய உடம்பு அது. சிறிய வயிற்றில் அதை ஒரே வேளையில் கொள்ளவே முடியாது. வைட்டமின் மாத்திரைகளையும் விரதத்தில் வேண்டாமென்று நிறுத்திவிட்டார். பிறகு வாந்தி தொடங்கியது. "விரதச் சூடு, தம்பி" என்றார்; நானும் நம்பினேன். பத்து நாள் கழித்து நடை தள்ளாடியது, எதிரிலிருந்தவர் இரட்டையாகத் தெரிந்தார்.

அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றத் தயாரானார்கள். அறுவை செய்த குழுவைத் தொலைபேசியில் அழைத்தபோது, முதலில் தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசி, பிறகே குளுக்கோஸ் என்று உறுதியாகச் சொன்னார்கள். உடம்பில் சில வாரங்களுக்கே இருப்பு உள்ள அந்த வைட்டமின் தீர்ந்திருக்கையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கூடிவிடக்கூடும். ஊசி போட்டபின் ஈப்போவுக்கு அழைத்துச் சென்றோம். பார்வை விரைவில் தெளிந்தது, நடை சீராக ஒரு மாதம் பிடித்தது. அறுவைக்குப் பிறகு வாந்தி ஓரிரு நாளில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று என்னிடம் கேட்கிற ஒவ்வொருவரிடமும் இப்போது கெஞ்சியே சொல்கிறேன்.

முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிறிதாக்கிய இரைப்பையோடு குடலை இணைக்கும் பைபாஸ் என்ற இன்னொரு வகை அறுவையைச் செய்துகொண்டவர்களுக்கு, இணைப்பிடத்தில் புண் ஏற்பட அவற்றில் பலவும் புகைப்பழக்கமும் காரணமாகின்றன. தோட்டத்து வேலையில் தேய்ந்த மூட்டுகளோடு வாழ்கிற நம் மக்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வாண்டுத் தைப்பூசத்துக்கு முன்பாகவே அக்கா உணவியல் வல்லுநரைப் பார்த்தார். பாலும் பருப்பும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும் ஐந்து வேளையாகப் பிரித்துக்கொடுக்கப்பட்டன. இரும்புச்சத்து மாத்திரை தேநீரிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டது. பால்குடம் எடுத்த அன்று காலையிலும், வைட்டமின் மாத்திரையை விழுங்கிவிட்டே அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.