படிச்சா சாக்லேட்டா?

"படிச்சா சாக்லேட்" என்று பேரம் பேசும் அப்பா அம்மாக்களுக்காக ஒரு பழைய ஆய்வு. 1973-ல் வெளியானது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாக நர்சரி பள்ளியில், ஸ்கெட்ச் பென்னால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் மட்டும், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பென்களை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதிதான்! எதிர்பாராமல் அதே சான்றிதழை வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

தானாகக் கதைப்புத்தகம் எடுக்கிற பிள்ளையிடம் பேரம் வேண்டாமே. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு? சரி, அங்கே லஞ்சம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு ரேட் கடலை மிட்டாய்.