பினாங்கு வெயில் தோட்டத்தில் வேரிகேட்டட் (இருநிற இலை) கள்ளி: நாட்குறிப்பு

ஜனவரி 11

படத்தில் பார்த்துப் பலரும் ஆசைப்படும் ‘சில்வர் ஸ்வான்’ என்ற இருநிறக் கள்ளி, மத்தியதரைக்கடல் பகுதியின் யூபோர்பியா கராசியாஸ் இனத்து ரகம். ஓராண்டு வளர்ந்த தண்டு குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த வசந்தத்தில்தான் பூக்கும். இரவிலும் புழுங்கும் பினாங்கில் அதற்குக் காசு போடுவது வீண். அதே பேரினத்து யூபோர்பியா டிதிமலாய்ட்ஸ் அமெரிக்க வெப்பமண்டலச் செடி. இங்கே நன்றாக வரும். நர்சரியில் பெடிலாந்தஸ் என்ற பழைய பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தண்டு கோணல்மாணலாகப் போகும், இலையில் வெள்ளைத் திட்டு, நல்ல வெளிச்சத்தில் இளஞ்சிவப்பும் ஏறும்.

ஜனவரி 18

மழை குறைந்த இந்த நாட்கள்தான் குச்சி வெட்ட ஏற்றவை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பால் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

முற்றிய தண்டில் 15 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. வெட்டுவாயைத் தண்ணீரில் நனைத்தால் பால் நின்றுவிடும். கீழ்ப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் நான்கைந்து நாள் காய விட வேண்டும். காயாத குச்சி ஈரமண்ணில் அழுகும். வேர்விடும் பொடி தேவையில்லை.

ஜனவரி 23

சாடிக்கு: பெருமணல் இரண்டு பங்கு, கருகிய உமி ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

தரையில் நடுவதென்றால்தான் சிக்கல். களிமண்ணில் குழி தோண்டி மணலைக் கொட்டுவார்கள். சுற்றியுள்ள மண் நீரை வாங்காது. மழைத்தண்ணீர் முழுக்க அந்தக் குழியில் வந்து தேங்கும். குழியே வேண்டாம். தரைமட்டத்துக்கு மேல் 25 செ.மீ. மேடு கட்டி, ஒரு பக்கம் சரிவு விட்டு அதில் நட வேண்டும். ஆழம் 5 செ.மீ., இடைவெளி 40 செ.மீ. நட்ட சில நாட்களுக்குத் தண்ணீர் கூடாது. பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றலாம்.

பிப்ரவரி 16

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்தது, வெயில் ஓயவில்லை. மேற்குச் சுவரோரச் செடிகளில் வெள்ளைப் பகுதி மட்டும் காகிதம்போல் கருகியிருக்கிறது. வெள்ளையில் பச்சையம் இல்லை, கருகினால் ஆறாது. நிழலில் வளர்ந்த செடியை முதலில் காலை வெயிலில் வைத்துப் பழக்கிய பிறகே முழு வெயிலுக்கு மாற்ற வேண்டும்.

இலை உதிர்ந்ததும் பதறித் தண்ணீர் ஊற்றித்தான் பலரும் இந்தச் செடியைக் கொல்கிறார்கள். வறட்சியில் இலையைக் கொட்டுவது இதன் இயல்பு. பச்சைத் தண்டே உணவு தயாரிக்கும். அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தாகம். கறுத்துக் கொழகொழத்தால் வேரழுகல்: உள்ளே கறையில்லாத இடம் வரும்வரை மேலே மேலே வெட்டி, நல்ல துண்டைக் காயவைத்து மறுபடி நட வேண்டியதுதான்.

மார்ச் 22

முழுப் பச்சைக் கிளைகள் எழுந்தால் கிளம்பிய இடத்திலேயே வெட்ட வேண்டும். பச்சையம் கூடுதலாக உள்ள கிளை வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். குச்சி எடுப்பதும் இருநிறக் கிளையில்தான். முழு வெள்ளைக் குச்சி பிழைக்காது. தழைச்சத்து உரத்தை வாரி வழங்கினால் தண்டு மெலிந்து சாயும். மெதுவாகக் கரையும் உரம், பாக்கெட்டில் சொன்னதில் பாதி போதும்.

ஏப்ரல் 5

மாலை இடிமழை தொடங்கியாயிற்று. அடியில் கிடக்கும் சருகை அகற்றிச் சிறுகல் பரப்ப வேண்டும். கணுக்களில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி தென்பட்டால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். சாடிக்குக் கீழே தட்டு வேண்டவே வேண்டாம். வேர் ஊறுவது ஒருபுறம், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவைக் கண்டால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.