சிவப்பு ஹீல்ஸ் போட்ட பிரபுவும் கடைசிப் பக்கத்து பென்சில் எழுத்தும்

1990ல கடலூர்ல நம்ம பிளஸ் டூ கிளாஸ்ல ஒரு இங்கிலீஷ் கதைப் புக்கு கைமாறி கைமாறி சுத்துச்சே, கணக்கு நோட்டு மாதிரி காக்கி அட்டை போட்டு வெச்சிருந்தோமே, அது ஞாபகம் இருக்குறவங்க எத்தன பேருன்னு தெரியல, நம்ம பழைய மாணவிகள் மலருக்கு ஏதாவது எழுதுன்னு கேட்டதும் எனக்கு மொதல்ல வந்தது அந்தப் புக்குதான்.

பேரு தீஸ் ஓல்ட் ஷேட்ஸ். எழுதுனவங்க ஜார்ஜெட் ஹேயர், 1926ல வந்தது, அப்ப அவங்களுக்கு வயசு 24தான். எங்க அண்ணன் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்ல காந்தி வீதி பிளாட்பாரத்துல அஞ்சு ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தான், மழையில நனைஞ்சு காஞ்ச வாசம் அடிக்கும். டிக்‌ஷனரிய மடியில வெச்சுக்கிட்டு ஒரு மாசம் படிச்சேன். கதை பிரான்ஸ் ராஜா பதினஞ்சாம் லூயி காலத்து பாரிஸ்ல நடக்குது. ஏவன் பிரபுன்னு ஒரு இங்கிலீஷ்காரன், நாப்பது வயசு தாண்டினவன், கையில விசிறி, உயரமான சிவப்பு ஹீல்ஸ் வெச்ச ஷூ, திமிருன்னா அப்படி ஒரு திமிரு, ஊரே அவன சாத்தான்னுதான் கூப்பிடும். ஒரு ராத்திரி சந்துக்குள்ள இவன் மேல வந்து மோதுற பையன, சாராயக் கடை வெச்சிருக்குற அந்தப் பையனோட அண்ணன்கிட்ட ஒரு நகையக் குடுத்து விலைக்கே வாங்கிடுறான். அது பையன் இல்ல, லியோனின்னு பொண்ணு. அவ செம்பட்ட முடியையும் கறுத்த புருவத்தையும் பாத்ததுமே தன்னோட எதிரி குடும்பத்து ஜாடைன்னு இவன் புடிச்சிட்டான், வாங்குனதும் இரக்கத்துல இல்ல, பழி வாங்கத்தான்.

நான் முடிச்சிட்டு கடைசி வெள்ளப் பக்கத்துல பென்சிலால ‘இவன மாதிரி ஒருத்தன் நமக்காக நின்னா போதும்’னு எழுதி பக்கத்து பெஞ்சுக்குக் குடுத்தேன். அதுலேருந்து அது ஒரு ரூல் ஆயிடுச்சு, யாரு படிச்சாலும் கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி எழுதிட்டுதான் அடுத்த ஆளுக்குத் தரணும்னு. ஓ.டி.லேருந்து, அதான் கடலூர் ஓல்ட் டவுன்லேருந்து, பஸ்ல வர்றவ ஒருத்தி ‘காசு குடுத்து ஆள வாங்குறவன் எப்படிடி ஹீரோ’ன்னு எழுதுனா. அதுக்குக் கீழயே இன்னொருத்தி ‘வாங்கலன்னா அந்த சாராயக் கடையிலயே அடி வாங்கி செத்திருப்பா’ன்னு. ‘அப்பா வயசுடி அவனுக்கு’ன்னு ஒருத்தி, ‘இருந்தா என்ன’ன்னு அவ ஃப்ரெண்டு. லஞ்ச் டைம்ல வேப்ப மரத்தடியில டிபன் பாக்ஸ மூடாமயே சண்ட போட்டிருக்கோம்.

ஆனா எனக்கு இன்னிக்கும் மறக்காதது நெல்லிக்குப்பத்துப் பொண்ணு எழுதுனது. லீவுல கரும்பு வெட்டுக்கு அப்பாவோட போயிட்டு திங்கக்கெழம வர்றப்ப அவ கையெல்லாம் சோகை கிழிச்சு கோடு கோடா இருக்கும், தமிழ் மீடியத்துலேருந்து வந்தவ, அந்தப் புக்க முடிக்க ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டா, நாங்க கிண்டல் கூட பண்ணோம். கதைல அந்த எதிரி ஆண் வாரிசு வேணும்னு தன் பொண்ணக் குடியானவன் வீட்ல குடுத்துட்டு அவங்க ஆம்பளப் புள்ளய எடுத்துட்டு வந்துடுறான் இல்லையா, அந்தப் புள்ள அந்த எதிரிப் பிரபு வீட்ல வளந்தும் ஒரு நளினமும் வரல, பண்ணை வெச்சா போதும்னு ஏங்குறான், சாராயக் கடையில வளந்த லியோனி மட்டும் பிரபு வீட்டு ரத்தம்னு ஜொலிக்கிறா, கடைசில ஏவன் கட்டிக்கிறதும் அவளத்தான். நெல்லிக்குப்பத்துப் பொண்ணு எழுதுனா: ‘அப்ப எங்க வீட்ல பொறந்தா எங்க வளந்தாலும் மாட்டுக் கொட்டாய்தானா? லியோனி நெஜமாவே குடியானவன் மகளா இருந்திருந்தா இவன் கட்டியிருப்பானா?’

நாங்க யாரும் பதில் எழுதல. எழுத வரல. ஏன்னா அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டிய நெலமையே ஏவனுக்கு வராது, கதையே அப்படித்தான் கட்டியிருக்கு.

ஹிஸ்டரி மிஸ் ஒருநாள் புக்கப் புடிச்சிட்டாங்க. திட்டுவாங்கன்னு பாத்தா, பென்சில் எழுத்தெல்லாம் பொறுமையா படிச்சிட்டு நெல்லிக்குப்பத்துப் பொண்ண நிமிந்து ஒரு பார்வ பாத்தாங்க. அப்பறம் தேவனாம்பட்டினம் கோட்டைய பத்தி ஆரம்பிச்சிட்டாங்க. அதே பதினஞ்சாம் லூயி அனுப்புன பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு 1758ல இங்கிலீஷ்காரங்க கையில இருந்த அந்த செயின்ட் டேவிட் கோட்டைய புடிச்சு இடிச்சுத் தள்ளுனான், கெடிலம் கடல்ல கலக்குற எடத்துல நாம பாக்குற அந்த இடிஞ்ச செங்கல் அவன் காலத்து மிச்சம். அந்தப் படையெடுப்புல சாமான் இழுக்க ஆள் பத்தலன்னு பாண்டி ஜனங்கள சாதி பாக்காம, விருப்பம் கேக்காம புடிச்சு வண்டியில பூட்டுனானாம். ‘கதைல திமிரு அழகா இருக்கும்மா, நம்ம ஊருக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு பாத்துக்கோங்க’ன்னாங்க. அந்த சனிக்கெழமயே நாங்க நாலு பேரு சில்வர் பீச்சுக்கு பஸ் ஏறிப் போயி அந்தச் செவுர தொட்டுப் பாத்துட்டு வந்தோம்.

கல்யாணம் ஆகி பாண்டிக்காரரோட பாரிஸுக்கே வந்துட்டேன், இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. லூவ்ரு மியூசியத்துல பதினாலாம் லூயி படம் ஒண்ணு இருக்கு, 1701ல ரிகோ வரைஞ்சது, ஆளு கால நீட்டிக்கிட்டு நிப்பாரு, குதிகால் பளிச்சுன்னு சிவப்பு. அதப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன், வீட்டுக்காரர் எதுக்கு அழுவுறன்னு கேட்டாரு, எங்கேருந்து ஆரம்பிச்சு சொல்றது. லாலிய 1766ல தலைய வெட்டுன எடம் இப்ப சிட்டி ஹால் முன்னாடி இருக்குற மைதானம்தான், வேலைக்கு அந்த வழியாத்தான் போறேன்.

போன வருஷம் திரும்ப வாங்கிப் படிச்சேன். ஏவன் பாரிஸ் பெரிய மனுஷங்க எல்லாரும் கூடியிருக்குற எடத்துல கத்திய உருவாம, ஒரு கதை சொல்ற மாதிரி சொல்லியே எதிரியோட வண்டவாளத்த எல்லாம் எடுத்து விடுற எடத்துல இப்பவும் உடம்பு சிலுத்துடுச்சு, அத நான் மறைக்க மாட்டேன், ஹேயர் மாதிரி அந்தக் காட்சிய எழுத ஆள் கெடையாது. ஆனா பண்ணைக்கு ஏங்குற அந்தப் பையன் வர்றப்பல்லாம் எனக்கு சோகை கிழிச்ச அந்தக் கைதான் தெரியுது. அப்ப பதில் எழுதாம விட்டது தப்பு. கட்டியிருக்க மாட்டான்டி, நீ கேட்டது சரி.

ஃபேர்வெல் அன்னிக்கு அந்தப் புக்கு யாரு கையிலயோ இருந்துச்சு, திரும்பி வரவே இல்ல. காக்கி அட்டை, முதுகுல பச்ச நூல்ல நான் போட்ட தையல் இருக்கும். உங்க யாரு வீட்டு பரண்லயாவது கெடந்தா எனக்கு அனுப்ப வேணாம், கடைசிப் பக்கத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, பென்சில் அழிஞ்சிருந்தாலும் பரவால்ல.