ரத்தப் பரிசோதனைக்காக ஒரு சட்டமன்றக் கேள்வி

எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்ய ஆள் இல்லாமல் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், மாத்திரையும் இருந்தது. ஆய்வக அறைக்கு மட்டும் பூட்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. அந்த மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் வழியில்லை. என் மாமியார் உட்படத் தெருவில் பலர் மெயின் ரோட்டுத் தனியார் லேபில் காசைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காசில்லாதவர்கள் பார்க்காமலே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. எங்களுடையது வடசென்னையில் வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிறவர்கள் நிறைந்த பகுதி. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் வழிகாட்டி நெறிகளில், சுமார் 50,000 பேருக்கு ஒரு நிலையம், நண்பகல் 12 மணியிலிருந்து இரவு 8 மணிவரை ஓ.பி. என்று எழுதியே இருக்கிறது. எங்கள் நிலையத்தில் மதியத்துக்கு மேல் போனால் வாட்ச்மேன்தான் இருப்பார்.

மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் செய்தோம். குறுஞ்செய்தி வந்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு குறுஞ்செய்தியும் வந்தது. கவுன்சிலர் நல்ல மனிதர், கூட்டத்தில் பேசினேன் என்றார், பேசியும் இருப்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்ட மனு 6(3) பிரிவின்படி ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து வேறொன்றுக்குப் போய், எங்கோ தங்கிவிட்டது. எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் மனு கொடுத்து, ‘ஆவன செய்யவும்’ என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கிப் போய்ச் சேர்த்தோம். அதற்கு மேல் எங்களுக்கு வழி தெரியவில்லை.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அன்று மட்டும் தலையைத் தூக்கி, “கடிதம் எழுதச் சொல்லி ஏம்மா கேட்கறீங்க? கேள்வி போடச் சொல்லுங்க” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. “மனு வந்தா கோப்புல சேரும். எல்.ஏ.க்யூ. வந்தா கோப்பு ஓடும்.”

அப்புறம் விளக்கினார். எல்.ஏ.க்யூ. என்றால் சட்டமன்றக் கேள்வி. எந்தத் துறைக்குக் கேள்வி போகிறதோ அந்தத் துறைச் செயலகம் அதைத் துறைத் தலைவருக்கு அனுப்பும். அவர் மண்டலத்துக்கு அனுப்புவார், மண்டலம் களத்துக்கு அனுப்பும். எல்லாக் கட்டத்திலும் பதிலுக்கு ஒரு தேதி குறித்திருப்பார்கள். அமைச்சர் அவையில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் மேலிருந்து கீழ்வரை இறங்கும். கேள்வி அவையில் வருமா வராதா என்பது வேறு விஷயம். “அவையில வர்றது போனஸ். வேலை அதுக்கு முன்னாலேயே நடந்துடும்” என்றார்.

சரி என்று அவரையும் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். முதியோர் பென்ஷன், பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக் கடிதம், நடுவில் கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு குடும்பம் என்று வழக்கமான கூட்டம். பி.ஏ. எங்களைப் பார்த்ததும் லெட்டர்பேடை எடுத்தார். வேண்டாம் சார், கேள்வி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கட்டடமோ பெஞ்சோ கேட்பார்கள், கேள்வி கேட்கச் சொல்லி யாரும் வருவதில்லையாம். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிற அந்த நிதியில் ஆள் சம்பளம் போட முடியாது என்று ஐயா அவருக்கு நினைவூட்டினார். எம்.எல்.ஏ. உள்ளே வந்து ஐந்து நிமிடம் கேட்டார். “எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றார். அவர் வேலை அவ்வளவுதான் அன்றைக்கு. அதுவே பெரிய விஷயம் என்பேன்.

எழுதுவதில்தான் சூட்சுமம் இருந்தது. நான் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போயிருந்தேன்: ‘எங்கள் பகுதி சுகாதார நிலையம் சீர்கெட்டுக் கிடப்பதை அரசு அறியுமா? ஏழைகள் தனியார் லேபுகளில் கொள்ளை போவதற்கு யார் பொறுப்பு?’ ஐயா பென்சிலை எடுத்தார். ‘சீர்கெட்டு’ போயிற்று. ‘கொள்ளை’ போயிற்று. ‘யார் பொறுப்பு’ மொத்தமாகப் போயிற்று. குற்றச்சாட்டும் வாதமும் கேலியும் இருக்கிற கேள்வியைப் பேரவைச் செயலகம் அனுமதிக்காது. கருத்துக் கேட்கவும் கூடாது, தகவல்தான் கேட்கலாம். கடைசியில் தாளில் மிஞ்சியது கேள்விக்குறி மட்டும்தான்.

அவர் எழுதியது இது: (அ) தொகுதியில் செயல்படும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் எத்தனை, (ஆ) அவற்றில் அனுமதிக்கப்பட்ட ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் எத்தனை, காலியாக உள்ளவை எவை, எந்த நாள் முதல், (இ) அவற்றை நிரப்ப எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது, (ஈ) மாலை நேர வெளிநோயாளர் பிரிவு எந்தெந்த நிலையங்களில் நடைபெறுகிறது?

பி.ஏ. படித்துவிட்டு, “கடைசியில ‘அரசு முன்வருமா’ன்னு ஒண்ணு போடலாமே?” என்றார். பேரவைக் கேள்விகளில் பாதி அப்படித்தான் முடியும். பாலம் அமைக்க அரசு முன்வருமா, பள்ளியைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா. நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று ஒரே வரியில் பதில் வரும், கதை முடியும். எனக்கு அது வேண்டாமென்றே தோன்றியது. பி.ஏ. விடவில்லை. “அமைச்சர் ‘ஆம்’ சொல்ல ஒரு கதவைத் திறந்து வைக்கணும் மேடம். நாலும் இடிக்கிற மாதிரியே இருந்தா எப்படி?” அதிலும் நியாயம் இருந்தது. (உ) என்று அதையும் சேர்த்தோம்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் ஒரு குழப்பம். பி.ஏ. மேலே ‘மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர்’ என்று போட்டிருந்தார். சுகாதார நிலையம் என்றால் சுகாதார அமைச்சர் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சென்னையில் இந்த நிலையங்களை நடத்துவது மாநகராட்சி. மாநகராட்சி வருவது நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கீழ். தப்பான துறைக்குப் போனால் கேள்வி அங்கிருந்து இங்கே மாறி வரும், அதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிடும். 2023-ல் திறக்கத் தொடங்கிய நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வேறு இருக்கின்றன. எங்கள் தெருக்காரர்களுக்கே இரண்டுக்கும் பெயர் மாறிப்போகும். ஐயா அந்த வரியை அடித்துத் திருத்தினார்.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் காலை சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா போனில் பிடித்தார். “என்னம்மா கேள்வி போட்டீங்க? மண்டலத்துல இருந்து போன் மேல போன்.” கோபமாகத்தான் இருந்தார். ஓராண்டு ஓ.பி. எண்ணிக்கை, வெளியே பரிசோதனைக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கை, கருவிகளின் நிலை, பணியிட விவரம் எல்லாம் மாலைக்குள் வேண்டுமாம். ஊசி போடுகிற வேலையை விட்டுவிட்டு ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டது மேலே இருப்பவர்களை, அன்று ராத்திரிவரை உட்கார்ந்தது அவர். அதை இப்போதும் நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. மறுநாள் டீ வாங்கிக்கொண்டு நானும் இன்னொரு அக்காவும் போனோம், கூட்டல் கழித்தலுக்கு உதவினோம்.

அன்றுதான் ஆய்வக அறையைத் திறந்து பார்த்தேன். ரத்தம் பரிசோதிக்கிற அனலைசர் மேல் பழைய பச்சைத் துணி ஒன்று போர்த்தியிருந்தது. துணிமேல் தூசி, துணிக்கடியில் கருவி புத்தம்புதிதாக இருந்தது. பக்கத்து ஃபிரிட்ஜில் ரீஏஜென்ட் எனும் பரிசோதனை ரசாயனப் பாட்டில்கள் காலாவதி தேதி தாண்டி நின்றன. ஆள் இல்லையென்றால் கருவி வாங்கிய காசும் வீண் என்பது ஒரு அறைக்குள் அப்படியே தெரிந்தது.

அடுத்த வாரமே ஓர் ஆய்வக நுட்புநர் வந்தார். புதிய நியமனம் இல்லை, பக்கத்து நிலையத்திலிருந்து மாற்றுப் பணி. வாரத்தில் மூன்று நாள். ஏன் இவ்வளவு வேகம் என்று ஐயாவிடம் கேட்டேன். சிரித்தார். “பதில்ல என்ன எழுதுவாங்க? ‘காலியாக உள்ளது’ன்னு எழுதினா அமைச்சர் படிக்கணும். ‘மாற்றுப் பணி மூலம் ஆய்வகம் செயல்பட்டு வருகிறது’ன்னு எழுத ஒரு ஆள் வேணுமில்ல?”

பதிலும் அப்படியே வந்தது, சொல் பிசகாமல்.

வாய்மொழியாகப் பதில் சொல்லும் பட்டியலில் எங்கள் கேள்வி இடம்பெறவில்லை. கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருவதால் நானும் தினமும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். எழுத்துமூல விடைதான் கிடைத்தது. ஆனால் அதில் ஓர் அட்டவணை இருந்தது. தொகுதியில் எந்தெந்த நிலையத்தில் நுட்புநர் இல்லை, எந்த நாளிலிருந்து இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்த அட்டவணை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருந்த விவரம் அது. எங்களுடையது தவிர இன்னும் சில நிலையங்களும் காலி என்று அதில்தான் தெரிந்தது. ‘முன்வருமா’வுக்கு வந்த பதில் ‘பரிசீலனையில் உள்ளது.’

எம்.எல்.ஏ. அந்த அட்டவணையை, துறைக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பயன்படுத்தினார். அன்றைக்குப் பார்வையாளர் மாடத்துக்கு எங்களுக்குப் பாஸ் ஏற்பாடு செய்தார் பி.ஏ. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். உள்ளே கால்மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது. கொஞ்சம் சாய்ந்தாலும் அவைக் காவலர் பக்கத்தில் வந்து நிற்கிறார். பேரவைத் தலைவர் குறளும் பொருளும் வாசித்து அவையைத் தொடங்கிவைத்தார். மொத்தம் 234 உறுப்பினர்கள், ஆனால் மதியம் நெருங்க நெருங்க இருக்கைகள் காலியாகிக்கொண்டே போயின. எங்கள் உறுப்பினர் பேச எழுந்தபோது தலைவர்களைப் புகழ்வதிலேயே நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஐயா பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்த பிறகுதான் ஆய்வக நுட்புநர் என்ற சொல் வந்தது. இரண்டே வாக்கியம், ஆனால் எண்களோடு, தேதிகளோடு. அமைச்சர் பதிலுரையில் காலிப் பணியிடங்கள் விரைவில் நிரப்பப்படும் என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஐயாவுக்கு அப்படியில்லை. அமைச்சர் அவையில் ‘செய்யப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழி. அவற்றைத் தொகுத்து, நிறைவேறியதா என்று துறையைக் கேட்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. பேச்சைப் பதிவேட்டில் பார்த்து, பக்க எண்ணோடு குறித்துவைக்கச் சொன்னார்.

சில மாதங்களில் ஒரு பெண் நுட்புநர் எங்கள் நிலையத்துக்கே நியமிக்கப்பட்டார். தொகுப்பூதியம், பதினொரு மாத ஒப்பந்தம். காலை ஏழரைக்கெல்லாம் சாப்பிடாமல் வந்து வரிசையில் நிற்கிறார்கள், நல்ல கூட்டம். என் மாமியாருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்.

மாலை ஓ.பி. மட்டும் இன்னும் வரவில்லை. (ஈ)-க்கு வந்த பதிலில் எங்கள் நிலையத்துக்கு நேராக ‘தேவைக்கேற்ப’ என்று போட்டிருந்தது, அதற்கு யாருக்கும் பொருள் தெரியவில்லை. இதைப் பேரவையின் மனுக்கள் குழுவுக்குக் கொண்டுபோவது என்று முடிவு. அதற்கு எம்.எல்.ஏ. கையெழுத்து வேண்டாம், நாமே அனுப்பலாம். தமிழில், ஐந்து நகல்கள், ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை; பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. பேரவையின் சென்னை-600009 முகவரிக்குத் தபால். நர்ஸ் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம், ரெஜிஸ்டரைத் தயாராக வைத்திருக்கிறார்.

நுட்புநரின் ஒப்பந்தம் முடிகிற மாதத்தைப் பி.ஏ.விடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்கு முந்தைய கூட்டத்தொடருக்கான கேள்வியின் வரைவும் அவர் கையில் இருக்கிறது. இந்தமுறை ‘முன்வருமா’வை அவரே அடித்துவிட்டார்.