பழைய மஸ்கெலியாவ வீடியோல தேடுறேன்

எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, பொறந்து வளந்தது எல்லாம் இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கத்து தேயிலைத் தோட்டம் ஒண்ணுல. அது வாய் ஓயாம சொல்ற டவுன் இப்ப இருக்கிற டவுன் இல்ல, 1969ல மவுசாகலை அணைக்கட்டு கட்டி தண்ணி நிப்பாட்டினப்போ முங்கிப்போன பழைய டவுன். வெயில் காலத்துல தண்ணி வத்துனா கோயில், விகாரை, பள்ளிவாசல்னு மிச்சம் இருக்கிறதெல்லாம் வெளிய தெரியும், சனம் வேன் புடிச்சு வந்து போட்டோ எடுத்துட்டு போகும். ஆனா அந்த கடைத்தெருவுல ஆளுங்க நடமாடுற மாதிரி ஒரு படம்கூட எங்க வீட்டுல இல்ல. அதத்தான் பழைய நியூஸ்ரீல், அதாவது அந்தக் காலத்துல தியேட்டர்ல போட்ட செய்திப்படம், அந்த ஆர்க்கைவ்கள்ல ராவு ராவா தேடிக்கிட்டிருக்கேன். தேடித்தேடி கத்துக்கிட்டத இங்க எழுதி வைக்கிறேன், தன்னோட தோட்டத்த தேடுற வேற யாருக்காவது உதவும்.

மொதல்ல நான் அடிச்சது "ஸ்ரீலங்கா டீ எஸ்டேட்". வந்ததெல்லாம் புது டூரிஸ்ட் வீடியோ. அப்புறம்தான் உறைச்சுச்சு, இந்த நாட்டுக்கு ஸ்ரீலங்கான்னு பேரு வந்ததே 1972 மே 22லதானே, அதுக்கு முந்தி எடுத்த ரீலுக்கு குறிப்பு எழுதினவர் சிலோன்னுதான் எழுதியிருப்பாரு. அந்த சர்ச் பொட்டி படத்துக்குள்ள பாக்கிறது இல்ல, யாரோ ஒருத்தர் லண்டன்ல உக்காந்து அந்தக் காலத்துல எழுதின நாலு வரியத்தான் பாக்குது. அதனால நமக்கு தெரிஞ்ச சொல்ல அடிச்சா பத்தாது, அவரு என்ன சொல்லு போட்டிருப்பாருன்னு யோசிச்சு அடிக்கணும், எனக்கு இது புரியவே மூணு வாரம் போச்சு.

நாம கொழுந்து எடுக்கிறதுன்னு சொல்லுவோம், இங்கிலீஷ்ல இங்க எல்லாரும் ப்ளக்கிங்ன்னுதான் சொல்றது, ஆபீஸ்ல பேர் பதியுற செக்ரோல்லயும் அதேதான். ஆனா வெளிநாட்டு குறிப்புகள்ல பாதிக்கு மேல பிக்கிங்ன்னு இருக்கு, டீ பிக்கர்ஸ். ஒரு சொல்ல மாத்தினதுமே எனக்கு புதுசா ஒரு பக்கம் நெறைய ரிசல்ட் வந்துச்சு. இன்னொண்ணு சொல்ல கஷ்டமா இருக்கு. நேட்டிவ்ஸ்ன்னும் அடிக்கணும், கூலின்னும் அடிக்கணும். நம்ம பாஷைல செஞ்ச வேலைக்கு குடுக்கிற சம்பளத்துக்குத்தான் கூலின்னு பேரு, அவங்க அத ஆளுக்கே பேரா வச்சிட்டாங்க. அத டைப் பண்ணி எங்க பாட்டன் பாட்டிய தேடுறது நெஞ்ச அறுக்குது, ஆனா அடிக்காம விட்டா அந்த ரீல்ல இருக்கிறவங்க இன்னும் அம்பது வருசம் யார் கண்ணுலயும் படாம கிடப்பாங்க. அதனால அடிக்கிறேன்.

எழுத்துக்கூட்டலும் ஒரு பெரிய தொல்லை. தலவாக்கலைக்கு கடைசில எல் ஒண்ணா ரெண்டா, நுவரெலியா ஒரே சொல்லா ரெண்டு சொல்லா, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்காங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ் மாதிரி எடத்துல சொல்லோட மொத அஞ்சாறு எழுத்த மட்டும் அடிச்சு பின்னால ஸ்டார் போட்டா மிச்சத்த அது பாத்துக்கும், மீடியா டைப்ப மூவீஸ்ன்னு குறுக்கினா புத்தகம், ஆடியோ எல்லாம் வெலகிரும்.

யூடியூப்ல தேடுறவங்க ஒண்ண கவனிங்க. தேதி ஃபில்டர் சொல்றது வீடியோ ஏத்தின நாள, எடுத்த வருசத்த இல்ல. பிரிட்டிஷ் பாத்தேன்னு ஒரு பழைய நியூஸ்ரீல் கம்பெனி, அவங்க 2014 ஏப்ரல்ல ஏறக்குறைய 85,000 படத்த யூடியூப்ல போட்டாங்க, அந்தத் தொகுப்புல இருக்கிற 1930 ரீலும் 2014ன்னுதான் காட்டும். வருசம் வேணும்னா தேடுற சொல்லோடயே சேத்து அடிங்க, அவங்க சொந்த சைட்லயும் போய் பாருங்க.

இப்ப எனக்கு ரொம்ப பிரயோசனப்பட்ட விசயத்துக்கு வாறேன். மஸ்கெலியான்னு எத்தனை விதமா அடிச்சும் ஒண்ணும் கெடைக்கல. எந்த கேமராக்காரன் அந்தக் காலத்துல எங்க டவுன படம் எடுக்கன்னு வந்திருக்கப்போறான்? ஆனா சிவனொளிபாத மலைக்கு வந்திருப்பான், ஹட்டன்ல எறங்கினா மஸ்கெலியா வழியாத்தானே போகணும். அதனால அந்த மலையோட இங்கிலீஷ் பேர போட்டு ஆடம்ஸ் பீக்ன்னு தேடினேன், பில்க்ரிம்ஸ்ன்னு தேடினேன். 1954 ஏப்ரல்ல எலிசபெத் ராணி வந்தாங்க இல்லையா, அந்த ரீலுகளையும் ஒண்ணொண்ணா போட்டு ராணிய விட்டுட்டு ரோட்டோரத்துல நிக்கிற சனத்த பாத்தேன். ரயில்வே, வெள்ளம், எலெக்சன், எதுக்கு கேமரா வந்துச்சோ அந்தப் பேருல தேடணும், நம்ம ஆளுங்க அதுக்குப் பின்னால நிப்பாங்க. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு 1964ல முடிவு பண்ணாங்களே, அவங்கள ஏத்திட்டுப் போன ரயில, நாங்க ஒப்பாரி கோச்சின்னு சொல்றது, அத தேடுறதா இருந்தா தலைமன்னார், ராமேஸ்வரம், ரிபேட்ரியேட்ஸ், ஸ்டேட்லெஸ்ன்னு எல்லாம் மாத்தி மாத்தி போடணும்.

தலைப்புல அன்யூஸ்ட், அன்இஷ்யூட்ன்னு இருந்தா தாண்டிப் போயிராதீங்க. தியேட்டருக்கு போகாம மிஞ்சின துண்டு அது. பின்னணிக் குரலும் பாட்டும் அனேகமா இருக்காது, எனக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும், ஏன்னா யாரும் நம்மளப் பத்தி மேல பேசாம நம்ம ஆளுங்க சும்மா வேல செஞ்சுட்டு இருப்பாங்க. அப்புறம் ஷாட்லிஸ்ட், அதாவது காட்சி காட்சியா எழுதின குறிப்பு, அத முழுசா வாசிங்க. ஜிவின்னா தூரத்துல இருந்து எடுத்த பொதுக்காட்சி, சியூன்னா கிட்டத்துல. கலோனியல் ஃபிலிம்ன்னு ஒரு சைட்ல 6,000க்கு மேல படத்துக்கு விவரம் இருக்கு, பாக்கக் கெடைக்கிறது 150 சொச்சம்தான், இருந்தாலும் அந்த விவரத்துல இருந்து எனக்கு தேட நெறைய சொல்லு கெடைச்சுச்சு.

போன மாசம் அப்படி ஒரு துண்டு மாட்டுச்சு. எந்தத் தோட்டம்னு குறிப்புல இல்ல. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசுல கூடை தொங்குது, ஒரு பொம்பளை தலைல இருந்த கயித்த எறக்கி விட்டுட்டு கழுத்த ஒருக்கா திருப்பி நீவி விடுறா, பக்கத்துல கணக்கப்பிள்ளை கொப்பியில எழுதுறாரு, மொத்தம் பதினோரு செக்கன். அம்மாயிக்கிட்ட போன குடுத்தேன். அது கண்ணாடிய போட்டுக்கிட்டு திரும்ப திரும்ப போடச் சொல்லுச்சு. ஆள் யாருன்னு தெரியல, ஆனா "இந்தா பாரு, படங்கு சாக்க இடுப்புல இறுக்கி ஒரு பக்கமா சொருகியிருக்கா, எங்கம்மாவும் இப்படித்தான் கட்டும்"ன்னு சொல்லிட்டு அந்தப் பொம்பள கழுத்த நீவுற எடத்துல வெரல வச்சு ஸ்க்ரீன தொட்டுச்சு, வீடியோ நின்னுருச்சு. அப்படியே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம்தான் கேட்டுச்சு, நீ என்ன பேர போட்டு தேடுறேன்னு. சொன்னேன், மஸ்கெலியா, ஆடம்ஸ் பீக், அப்புறம் மலை அடிவாரத்துல இருக்கிற நல்லதண்ணி. "நல்லதண்ணின்னு நாமதானேம்மா சொல்றது. தொரமாரெல்லாம் அத டல்ஹவுசின்னுதான் சொல்லுவாங்க"ன்னுச்சு.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் காகிதத்துல ஒரு பேரு, சனங்க வாயில ஒரு பேருன்னு சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எனக்கு இது தோணவே இல்ல. அன்னைக்கு ராவே ஒரு கொப்பிய எடுத்து அம்மாயிய பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு பேரையும் எழுத ஆரம்பிச்சோம், மேமல, பணியமல, ஸ்டோர் இருந்த எடம், பழைய பங்களான்னு இதுவரைக்கும் முப்பத்திரெண்டு வந்திருக்கு. டல்ஹவுசியில இருந்து தொடங்கியிருக்கேன்.